பழைய கேசட்டும் புது எச்டியும் ஒரே வீடியோவில்: எந்த வழி நல்லது?

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோ தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய கல்யாணம் 1990 வாக்கில் எடுத்த விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா எல்லாம் 2000களின் ஹேண்டிகேம் (மினி டிவி, MiniDV) கேசட்டில். திருக்கடையூரில் இப்போது எடுத்தது எச்டி கேமராவிலும் செல்போனிலும். மூன்றையும் எடிட்டிங் மென்பொருளில் ஒரே டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதி) போட்டால் பழைய படம் நடுவில் சின்னதாக நிற்கிறது. அதை இழுப்பதா, வெட்டுவதா, அப்படியே விடுவதா, ஏஐ மென்பொருளிடம் கொடுப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படத்தின் வடிவத்தில் கை வைக்க வேண்டாம், அதன் அசைவைச் சரிசெய்யுங்கள். படம் மங்கலாக இருப்பதைப் பார்ப்பவர்கள் ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். வெட்டுப்பட்ட தலையும் கோடுகோடாகப் பிரியும் கையும் கடைசிவரை உறுத்தும்.

டைம்லைன் எச்டியா, எஸ்டியா (பழைய சாதாரணத் தெளிவு) என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. நம் ஊர்த் தொலைக்காட்சி முறையான பேல் முறை கேசட்டைக் கணினிக்கு மாற்றினால் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு தனிப் படம், 720×576 புள்ளிகள். முழு எச்டி 1920×1080, அதாவது சரியாக ஐந்து மடங்கு. எஸ்டி டைம்லைனில் வேலை செய்தால் புதிதாக எடுத்ததில் ஐந்தில் நான்கு பங்கைத் தூக்கி எறிகிறோம். பாதிக்கு மேல் பழைய காட்சியே இருந்தாலும் எச்டி டைம்லைன்தான்.

வடிவம்தான் சிக்கலான இடம். பழைய படத்தின் அகல-உயர விகிதம் 4:3, புதியது 16:9. இழுத்து நிரப்புவது முதல் வழி. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், எல்லார் முகமும் உப்பிப்போகும். பல வீட்டு வீடியோக்களில் இன்றும் இதைத்தான் பார்க்கிறோம், செய்யவே கூடாத வழி இது ஒன்றுதான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பேல் படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. மென்பொருள் அவற்றைச் சதுரம் என்று எடுத்துக்கொண்டால் படம் 1440-க்குப் பதில் 1350 புள்ளி அகலத்தில் நிற்கும், ஆட்கள் மெலிந்து தெரிவார்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் பகுதியில் இதைப் பார்த்துத் திருத்தலாம்.

அடுத்தது, பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுவது. திரை நிறையும், புதிய காட்சியோடு ஒட்டியதுபோல் இருக்கும், அதனால் பலருக்கும் பிடித்த வழி. ஆனால் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. 576 வரிகளில் மிஞ்சுவது 432, அதை 1080-க்கு இழுக்கும்போது இரண்டரை மடங்கு பெரிதாகிறது. ஏற்கெனவே மங்கலான படம் இன்னும் மங்கும். அதைவிட முக்கியம், அன்றைய கேமராக்காரர் 4:3 சட்டத்துக்கென்றே காட்சியை அமைத்திருப்பார். தாலி கட்டும் காட்சியில் மேலே மாப்பிள்ளையின் தலை, மணப்பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார், கீழே ஹோமத் தட்டு. கால் பங்கு வெட்டினால் இவற்றில் ஏதோ ஒன்று காணாமல் போகும். அந்தக் கால வீடியோ மிக்சர் கருவியில் போட்ட இதய வடிவச் சட்டமும் அடியில் ஓடும் மணமக்கள் பெயரும் பாதியில் நிற்கும். வீட்டார் அந்தக் கேசட்டை நினைவில் வைத்திருப்பதே அந்த இதயத்தை வைத்துத்தான்!

இரண்டுக்கும் நடுவில் 14:9 என்று ஒன்று இருக்கிறது. அகலத்திரைக்கு மாறிய காலத்தில் பிபிசி பெரிதும் பயன்படுத்திய சமரசம். பக்கத்துக்கு 120 புள்ளி மட்டும் கறுப்பு, உயரத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டும் வெட்டு. ஹேண்டிகேம் காட்சிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். தலைக்கு மேல் இடம் விட்டு எடுத்த ஆண்டு விழா மேடைக் காட்சியில் எதுவும் கெடாது.

கல்யாணக் கேசட்டுக்கு மட்டும் முழு 4:3, இருபுறமும் 240 புள்ளி கறுப்பு. இதில் படம் இரண்டு மடங்குக்கும் குறைவாகவே பெரிதாகிறது, அதனால் மற்ற வழிகளைவிடத் தெளிவாகத் தெரியும். கறுப்பு வேண்டாம் என்று அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் ஓடவிடுவது இப்போது வழக்கம். செய்திச் சேனலில் செங்குத்தாக எடுத்த செல்போன் காட்சிக்கு அது சரி. இங்கே அசையும் மங்கல் கண்ணை ஓரத்துக்கு இழுக்கும், மணமேடையைப் பார்க்க விடாது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: விஎச்எஸ் படத்தின் அடியில் நெளிந்துகொண்டிருக்கும் கோட்டை மறைக்கும் அளவுக்கு மூன்று நான்கு சதவீதம் பெரிதாக்குங்கள். அந்தக் காலத் தொலைக்காட்சிப் பெட்டி ஓரங்களை எப்படியும் மறைத்துத்தான் காட்டியது.

சரி, அசைவுக்கு வருவோம். உழைப்பை இங்கேதான் போட வேண்டும். பழைய கேமரா நொடிக்கு 25 முழுப் படங்களை எடுக்கவில்லை. 50 அரைப் படங்களை எடுத்தது, ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இதுதான் இன்டர்லேஸ். அப்படியே பெரிதாக்கினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து, கை அசையும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிசிறு வரும். எனவே முதலில் டீ-இன்டர்லேஸ் (அரைப் படங்களை முழுப் படங்களாக்குவது), பிறகுதான் பெரிதாக்குதல். வரிசை மாறக்கூடாது.

டீ-இன்டர்லேஸிலும் இரண்டு வழிகள். நொடிக்கு 25 ஃப்ரேமாக மாற்றினால் வேலை சுலபம், ஆனால் அசைவில் பாதி போய்விடும், ஊஞ்சல் சடங்கு விட்டுவிட்டு ஆடும். 50 ஃப்ரேமாக மாற்றினால் கேசட்டை அன்று போட்டுப் பார்த்த அதே வழுவழுப்பு கிடைக்கும். நான் 50-ஐத்தான் சொல்வேன். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளின் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) வடிகட்டி வேகமாக முடித்துக் கொடுக்கும். க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற இன்னொரு வடிகட்டி ரொம்ப மெதுவானது, ஆனால் மணப்பெண்ணின் பட்டுச் சரிகை ஓரங்களை அது கையாள்வதைப் பார்த்தால் காத்திருக்கலாம் என்று தோன்றும். ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் அது கிடைக்கிறது. எந்த அரைப் படம் (ஃபீல்டு) முதலில் என்பதையும் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். ஹேண்டிகேம் கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். விஎச்எஸ்ஸை வேறு கருவி வழியாக மாற்றியிருந்தால் மேல் ஃபீல்டு முதலில் இருக்கலாம். மாற்றிக் கொடுத்தால் நடப்பவர் முன்னும் பின்னும் துள்ளுவார், அப்போது அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

டைம்லைனையும் 50 ஃப்ரேமில் வையுங்கள். யூடியூபில் ஏற்றினாலும் 720 வரியிலும் அதற்கு மேலும்தான் 50 ஃப்ரேம் ஓடும், எச்டி டைம்லைனுக்கு இதுவும் ஒரு காரணம். புதிய கேமராக்காரரிடம் 25 அல்லது 50-ல் எடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செல்போன்கள் பெரும்பாலும் 30-ல் எடுக்கும், அதை 50-க்குள் நுழைத்தால் நடை தட்டும். ஐபோனில் பேல் வடிவங்களைக் காட்டும் அமைப்பை இயக்கினால் 25 கிடைக்கும்.

ஏஐ வழி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டோபாஸ் மென்பொருள், ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் உள்ள சூப்பர் ஸ்கேல் போன்றவை, டீ-இன்டர்லேஸ் செய்த ஹேண்டிகேம் படத்தில் நல்ல பலன் தரும், முகம் பெரிதாகத் தெரியும் காட்சிகளில் குறிப்பாக. கோபுரம், மண்டபம், கோலம் இவற்றுக்கும் தயங்க வேண்டாம். விஎச்எஸ்ஸில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் முப்பது நாற்பது வரிகளுக்குள்தான் இருக்கும். அதில் கண்ணுக்கான தகவலே இல்லை. மென்பொருள் தானாக ஒரு கண்ணை வரைந்து வைக்கும், அது பாட்டியின் கண் அல்ல. அவர் இன்று இல்லையென்றால் அசையும் படமாக அவர் இருப்பது அந்த நான்கு நொடியில் மட்டும்தான். அங்கே மங்கலை மங்கலாகவே விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நிறத்தில் ஒரு சிறு கவனம் போதும். எஸ்டியின் நிறக் கணக்கு ரெக் 601, எச்டியின் கணக்கு ரெக் 709. மென்பொருள் குழம்பினால் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். கல்யாணப் புடவை இன்னும் பீரோவில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

முடித்த வீடியோவை டிவிடியில் கேட்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அகலத்திரை டிவிடியில் நம் 4:3 காட்சிக்குக் கிடைப்பது 540 புள்ளி அகலம்தான், மூலக் கேசட்டில் இருந்ததைவிடக் குறைவு. அவர்களுக்கு 1080-ல் எம்பி4 ஆக ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், இப்போதைய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும். கணினிக்கு மாற்றிய மூலக் கோப்புகளை அழிக்காமல் தனி ஹார்டுடிஸ்கில் வையுங்கள், ஹேண்டிகேம் கேசட் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவுதான் பிடிக்கும்.