திரும்பப் படிப்பதா, மூடிவைத்து நினைவுகூர்வதா?

தேர்வு நெருங்கினால் மாணவர்கள் கேட்பது இதைத்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உளவியல் பேராசிரியர் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் மோதவிட்டார்கள்.

5 நிமிடம் கழித்து: திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம்; ஒருமுறை நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 75.

ஒரு வாரம் கழித்து: முன்னவர்களுக்கு 42, பின்னவர்களுக்கு 56.

முடிவு அப்படியே தலைகீழாகிவிட்டது! என்னை உலுக்கியது இன்னொன்று: திரும்பத் திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். பக்கம் பழகிப்போவதைப் பாடம் பதிந்ததாக எண்ணிவிடுகிறோம்.

எளிமை: வாசிப்பு இதமானது; நினைவுகூர்தல் திணறவைக்கும்.

செலவு: ஒரு வெற்றுத்தாள்.

சற்று நேரத்தில் தேர்வு என்றால் புரட்டிப் படியுங்கள். அடுத்த வாரமும் வேண்டுமென்றால் மூடிவைத்து எழுதுங்கள். ஆசிரியர்களே, வகுப்பு முடிவில் மதிப்பெண் இல்லாத சிறுதேர்வு ஒன்று வையுங்கள்.