தறிக்கூடத்து மின்மாற்றி: சி.ஆர்.ஜி.ஓ. கோரா, அமார்ஃபஸ் கோரா?

பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தறிக்கூடத்தின் பழைய 250 கே.வி.ஏ. மின்மாற்றியை மாற்ற வேண்டி வந்தபோது, வழக்கமான சி.ஆர்.ஜி.ஓ. கோரை (சிலிக்கான் எஃகுத் தகடுகளாலான, சுருள்கள் சுற்றப்படும் காந்த மையம்) விட்டு அமார்ஃபஸ் கோரைத் (படிக அமைப்பில்லாத உலோக நாடாவாலான மையம்) தேர்ந்தெடுத்தேன். 22,000 வோல்ட் உயரழுத்தத்தில் வரும் மின்சாரத்தைத் தறிகளுக்கான 415 வோல்ட்டாகக் குறைப்பதே இந்த மின்மாற்றியின் வேலை. உயரழுத்தத்தின் பயன் எல்லோரும் அறிந்ததே: இந்தச் சுமைக்கு 415 வோல்ட்டில் 348 ஆம்பியர் தேவைப்படும், 22,000 வோல்ட்டில் 6.6 ஆம்பியர் போதும். கம்பி இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே மிச்சமாவது பெருந்தொகை. அதில் ஒரு பங்கை மின்மாற்றியே தின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இரவு பத்து மணிக்குத் தறிகள் நின்ற பிறகும் பழைய மின்மாற்றி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்; விடியற்காலையில் தொட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு நாங்கள் காசு கொடுத்து வாங்கியது. கோரின் காந்தப்புலம் நொடிக்கு ஐம்பது சுழற்சி திசை மாறுவதால் ஏற்படும் இந்தச் சுமையிலா இழப்பு (தறி ஓடாவிட்டாலும் கோரில் வீணாகும் மின்சாரம்), இணைப்பில் இருக்கும் வரை ஆண்டின் 8,760 மணி நேரமும் தொடரும். மீட்டர் உயரழுத்தப் பக்கத்தில் இருப்பதால் அது நம் கட்டணத்திலேயே சேரும். சி.ஆர்.ஜி.ஓ. தகடு 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர் கனம். உருகிய உலோகக் கலவையை நொடியில் குளிரவைத்து, படிக அமைப்பு உருவாகாமல் செய்யப்படும் அமார்ஃபஸ் நாடாவோ சுமார் 0.025 மில்லிமீட்டர்தான். இரண்டின் சுமையிலா இழப்புக்கும் இடையே 250 வாட் வேறுபாடு என்று வைத்தால், ஆண்டுக்கு 2,190 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் 15,330 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த விலையை இந்தக் கணக்கில்தான் நியாயப்படுத்தினேன்.

சி.ஆர்.ஜி.ஓ.வுக்கும் உரிய இடம் உண்டு. விலை குறைவு, உருவமும் சிறியது. இரவு பகலாக முழுச்சுமைக்கு நெருக்கமாக ஓடும் நூற்பாலையில் சுருளில் மின்னோட்டத்தால் ஏற்படும் சுமை இழப்பே பெரிதாகிவிடும் என்பதால், அங்கே கோரை விடச் சுருளின் தரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பதில் மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. அமார்ஃபஸ் நாடா எளிதில் நொறுங்கக் கூடியது. ரீவைண்டிங்குக்காக (சுருளை மறுபடி சுற்றுவதற்காக) கோரைப் பிரித்தால் மீண்டும் சேர்ப்பது கடினம் என்று எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் எச்சரித்தார். வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன; இதுவரை எண்ணெய்ச் சோதனை தவிர வேறு எதற்கும் அதைத் திறக்க நேரவில்லை.