ஃபசாட், வெனீர், கைஸ், செம்ப்ளன்ஸ்: எந்தப் பொய்த்தோற்றத்துக்கு எந்தச் சொல்?

பொய்த்தோற்றத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்: ஃபசாட் (façade), வெனீர் (veneer), கைஸ் (guise), செம்ப்ளன்ஸ் (semblance). 'ஜனநாயகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'ஃபசாட்' என்றால் தேர்தலும் நாடாளுமன்றமும் காட்சிக்கு வைக்கப்பட்டவை, ஆட்சி வேறெங்கோ நடக்கிறது. 'வெனீர்' என்றால் ஜனநாயகம் மேலோடு மட்டும் இருக்கிறது. 'கைஸ்' என்றால் அதன் பேரைச் சொல்லி வேறு காரியம் நடக்கிறது. 'செம்ப்ளன்ஸ்' என்றால், பெரும்பாலும், ஏதோ கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது. அகராதியோ நான்குக்கும் 'வெளித்தோற்றம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

ஃபசாட் கட்டடக்கலைச் சொல். முகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம் 'முகப்பு' என்ற சொல்லுக்கும் முகம்தான் வேர். கட்டடத்தைப் பற்றிப் பேசும்வரை இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். மனிதரைப் பற்றிப் பேசும்போதுதான் தமிழ் ஒத்துழைக்காது. 'மகிழ்ச்சி என்ற முகப்பை வைத்திருந்தாள்' என்றால் யாருக்கும் விளங்காது. 'வெளிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்' என்று வினையாக்கினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இதைக் கட்டிக்காப்பார்கள், அது விரிசல் விடும், இடிந்து விழும். வினைகளெல்லாம் கட்டடத்துக்கு உரியவை. உச்சரிப்பு 'ஃபஸாட்', அழுத்தம் இரண்டாம் அசையில். 'ஃபகேட்' என்று படிப்பவர்கள் நிறைய. 'சி' எழுத்தின் அடியில் வால் போட்டாலும் போடாவிட்டாலும் சரியே.

வெனீர் தச்சுப்பட்டறையிலிருந்து வந்தது. மலிவான பலகைமேல் தேக்கு போன்ற உயர்ந்த மரத்தைத் தாள்போல் சீவி ஒட்டுவது. கனம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள். கவனிக்க வேண்டியது, மேலே இருப்பது அசல் தேக்குதான். பொய் அதன் மெலிவில் இருக்கிறது, பொருளில் இல்லை. அதனால்தான் 'தின்' (thin, மெல்லிய) என்ற அடைமொழி இதோடு ஒட்டிக்கொண்டே வரும். நாகரிகம், பண்பு, கௌரவம் போன்ற குணங்களோடு சேரும். தமிழில் 'மேற்பூச்சு' நன்றாக உட்காரும்: 'நாகரிக மேற்பூச்சைச் சுரண்டினால் பழைய சாதித்திமிர்.' இங்கே 'போலி நாகரிகம்' என்று எழுதினால் அந்த மெலிவு காணாமல் போகும்.

கைஸ் ஏறக்குறைய 'அண்டர் த கைஸ் ஆஃப்', 'இன் த கைஸ் ஆஃப்' என்ற இரண்டு தொடர்களில்தான் குடியிருக்கிறது. முதலாவதுக்கு 'என்ற போர்வையில்', இரண்டாவதுக்கு 'வேடத்தில்'. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. வள்ளுவரின் பசுவே புலித்தோலைப் போர்த்திக்கொண்டுதான் மேய்ந்தது (குறள் 273), இன்றைய வழக்கில்தான் அது பசுத்தோல் போர்த்திய புலியாகிவிட்டது. கைஸையும் 'பிரீடெக்ஸ்ட்' என்பதையும் மட்டும் குழப்பக் கூடாது. காய்ச்சல் என்று விடுப்பு எடுப்பது பிரீடெக்ஸ்ட், அதாவது சாக்கு, காரணம்தான் பொய். பாதுகாப்புச் சோதனை என்ற போர்வையில் உளவு பார்ப்பது கைஸ். அங்கே செயலே வேடம் போட்டிருக்கிறது.

அதிகம் சறுக்குவது செம்ப்ளன்ஸில். வெள்ளம் வடிந்தபின் ஊரில் 'செம்ப்ளன்ஸ் ஆஃப் நார்மல்சி' திரும்பியது என்று ஆங்கிலச் செய்தி வந்தால் அது நல்ல செய்தி. 'போலியான இயல்புநிலை' என்று மொழிபெயர்த்தால் அரசைக் குற்றம்சாட்டியதாகிவிடும். 'ஊர் ஓரளவு இயல்புநிலைக்குத் திரும்பியது' என்பதே சரி. முன்னால் 'சம்' (some) வந்தாலோ, மீட்பது, காப்பது போன்ற வினை வந்தாலோ 'ஓரளவு' என்று எடுங்கள். 'மியர்' (mere) வந்தால் மட்டும் 'வெறும் தோற்றம்'. 'வித்தவுட் எனி' (without any) வந்தால் 'பேருக்குக்கூட இல்லாமல்': 'பேருக்குக்கூட விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள்.'