மலையில் சிஓபிடிக்கு ரிங் ஆக்சிமீட்டர்: வாங்கலாம், அலாரத்தை மாற்றிய பிறகு மாட்டுங்கள்

சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் இரவில் மாட்டிக்கொண்டு தூங்க, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் மோதிரமான ரிங் ஆக்சிமீட்டர் நல்ல கருவி. கட்டைவிரலில் போட்டால் விடியும்வரை ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பதிவுசெய்யும். அளவு இறங்கினால் விரலிலேயே அதிரும். விரல் நுனியைக் கவ்வும் கிளிப் வகை, புரண்டு படுத்தால் கழன்றுவிடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஆக்சிஜன் எண்ணை நம்பி மருந்தை மாற்றக்கூடாது. ஓய்வுநேர நாடித்துடிப்பு நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பார்க்க அது போதும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 95 சதவீதம் காட்டுகிறவருக்கு இங்கே 90 காட்டலாம்; கருவி பழுதில்லை. ஆனால் சமவெளிக் கணக்கில் வைத்த அலாரம் ராத்திரி முழுக்க அதிர்ந்தால், மூன்றாம் நாள் மோதிரம் அலமாரிக்குப் போய்விடும். அதனால் உடம்பு சீராக இருக்கும் ஒரு வாரம், காலையும் மாலையும் பத்து நிமிடம் உட்கார்ந்தபின் வரும் எண்ணை எழுதிவையுங்கள். அதைக் காட்டி, அலாரம் எந்த எண்ணில் இருக்கவேண்டும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். வழக்கத்தைவிட மூன்று, நான்கு புள்ளி இறங்கி அங்கேயே நின்றால், சளியின் நிறமும் மாறியிருந்தால், அன்றே அவரைப் பார்க்கவேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் விரல் சில்லிட்டால் ரத்தநாளம் சுருங்கி எண் தாறுமாறாகும். வெந்நீர்ப் பையை ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். விரலில் மருதாணி இருந்தாலும் அளவு பிசகலாம்; கிளிப் வகையில் நகப்பூச்சும் அப்படித்தான்.

இன்னொன்று மிக முக்கியம். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. உயிர் போகும் நேரத்திலும் 97, 98 என்று காட்டலாம். அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) இருந்தால், எண்ணை 98க்கு ஏற்ற ஃப்ளோவைக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ள பலருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதிக ஆக்சிஜனால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரலாம். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேசமுடியாமல் இளைத்தாலோ எண்ணைப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள்: ஃபோன் அணைந்திருந்தாலும் மோதிரம் தானாக அதிரவேண்டும். ஆப் வழியாக மட்டும் எச்சரிக்கும் மாடல், ஃபோன் அடுத்த அறையில் சார்ஜில் இருந்தால் யாரையும் எழுப்பாது.