பெல்லேயின் புது உடுப்பு: ஒரு தறிக்காரர் வீட்டுப் பார்வை

'இது எங்கிருந்து வருது?' என்று கேட்கிற வயசுப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஆடு, மில், கடை, நடுவில் அம்புக்குறி. வேலை செய்த ஆள் ஒருத்தரும் கண்ணில் பட மாட்டார். சுவீடன் நாட்டு எல்சா பெஸ்கோவ் 1912இல் எழுதி, படமும் தானே வரைந்த 'பெல்லேஸ் நியூ சூட்' அப்படியில்லை. ஆங்கிலப் பதிப்பை வாங்கி, பேத்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கதையில் வரும் சின்னப் பையன் பெல்லே வளர வளர அவன் மேல்சட்டை குட்டையாகிறது. தன் ஆட்டுக்குட்டியின் ரோமத்தைத் தானே கத்தரிக்கிறான். ஒரு பாட்டி சிக்கெடுத்துச் சீவித் தருவார். பதிலுக்கு இவன் கேரட் பாத்தியில் களை பிடுங்கணும். இன்னொரு பாட்டி நூற்றுத் தர, இவன் மாடு பார்த்துக்கணும். சாயம் கேட்டுப் போனால் பெயின்டர், 'என் பெயின்ட் கம்பளிக்கு ஆகாது' என்று சொல்லி, டர்பன்டைன் வாங்கிவரப் படகில் கடைக்கு அனுப்புகிறார். மிச்சக் காசில் சாயம் வாங்கிக்கொள்ளலாம். பெற்ற அம்மாகூடச் சும்மா நெய்து தரவில்லை, தங்கச்சிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். டெய்லர்தான் கெட்டி: வைக்கோல் வாரணும், விறகு தூக்கணும், பன்றிக்குத் தீனி போடணும். தீபாவளிக்கு முந்தின வாரம் துணி கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். நெய்வதற்கு முன்னால் நூலையே நீலச் சாயத்தில் முக்குகிறான் என்று பார்த்ததுமே, எழுதின அம்மாவுக்கு வேலை தெரியும் என்று பட்டுவிட்டது. ஆனால் நூலுக்கும் தறிக்கும் நடுவிலிருக்கிற வேலையைக் காணோம். பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டணும், ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) தார் சுற்றணும், அதாவது நூலைச் சின்னக் குழலில் சுற்றி வைக்கணும். தார் சுற்றுவது எங்கள் வீட்டில் பிள்ளைகள் தலையில்தான் விழும், அதையாவது பெல்லேவிடம் கொடுத்திருக்கலாம். கத்தரித்த ரோமத்தை அலசுவதும் கதையில் இல்லை. அந்தப் பக்கங்களில் நிறுத்தி நானே சேர்த்துச் சொல்கிறேன். பேத்திக்கு அதுவும் கதைதான்.

எழுத்து குறைவு, படம் பெரிது. நாலு வயசிலிருந்து சொல்லிக் காட்டலாம். இன்றைய மில் துணி எப்படி வருகிறது என்று காட்டத்தான் தேடுகிறீர்கள் என்றால் இது போதாது, கூடவே வேறொன்றும் வாங்கணும்.