முழங்கால் தேய்மானம்: மீளுருவாக்க ஊசியும் மூட்டு மாற்று அறுவையும் – ஒரு மதிப்பீடு

முழங்கால் தேய்மானத்தால் படியேறத் தயங்குகிறவர்கள் முன் இன்று இரண்டு சிகிச்சைகள் வைக்கப்படுகின்றன: பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளாஸ்மா), ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறவல்ல மூல செல்) போன்ற, தேய்ந்ததை மீண்டும் வளர்ப்பதாகச் சொல்லப்படும் மீளுருவாக்க ஊசிகள் ஒன்று, முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மற்றொன்று. கத்திக்கு அஞ்சுகிறவருக்கு முதலாவது இனிக்கத்தான் செய்யும். ஆனால் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, ஆய்வுகளில் கண்ட பலனை மட்டும் வைத்து எடைபோட்டால், இவை ஒரே நோயாளிக்கான போட்டிப் பொருள்கள் அல்ல என்றே சொல்வேன்.

பிஆர்பி முறையில், நம் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சுழல் கருவியில் இட்டு, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, அதையே மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும், அவ்வளவுதான். இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. "தேய்ந்த ஜவ்வு மறுபடி வளரும்", அதாவது மூட்டின் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்ற வாக்குறுதிதான் நிற்கவில்லை. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மிதமான தேய்மானம் உள்ள 288 பேரில் ஒரு பாதியினருக்கு பிஆர்பியும் மறுபாதியினருக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போடப்பட்டன. ஓராண்டுக்குப் பிறகு வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ இரு பிரிவினரிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்தது என்பதே. "ஊசி எனக்குப் பலன் தந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது மருந்தின் வேலைக்குச் சான்றாகாது.

பிஆர்பிக்குச் சாதகமான ஆய்வுகளும் உண்டு என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆரம்பக்கட்டத் தேய்மானத்தில் சில மாதங்கள் வலி தணிந்ததாக அவை கூறுகின்றன. சிக்கல் என்னவென்றால், தட்டணுக்களின் செறிவும் வெள்ளணுக்களின் அளவும் தயாரிக்கும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆகவே ஒரு மருத்துவமனையில் கண்ட பலனை இன்னொன்றில் எதிர்பார்க்க முடியாது. பல மடங்கு செலவு வைக்கும் ஸ்டெம் செல் ஊசியின் நிலை இன்னும் மோசம். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றிலிருந்தும் பெற்ற செல்களைச் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2023இல் வெளியானது; ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு பிஆர்பி, ஸ்டெம் செல் இரண்டுமே வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது.

மூட்டு மாற்றின் கணக்கு வேறு. டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, மாத்திரை ஆகியவற்றை மட்டும் பெற்றவர்களைவிட, அறுவையோடு அவற்றையும் பெற்றவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு முன்னேற்றம் கண்டனர். அதே ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகளும் அறுவைப் பிரிவில்தான் கூடுதல். பயிற்சிப் பிரிவினரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த ஓராண்டில் அறுவையின்றியே சமாளித்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. செயற்கை மூட்டுகளில் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. ஆனாலும் ஐந்தில் ஒருவர் வரை முழு நிறைவு அடைவதில்லை. மண்டியிடுவது பலருக்குக் கடினமாகவே இருக்கிறது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், தொற்று ஆகிய ஆபத்துகள் சிறியவை என்றாலும் இல்லாதவை அல்ல. பிசியோதெரபியைத் தட்டிக்கழிப்பவருக்கு மூட்டு இறுகிவிடும். வயதும் முக்கியம்: எழுபதைக் கடந்தவருக்கு மறு அறுவை தேவைப்படுவது அரிது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களிலோ ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் அது தேவைப்படலாம்.

எலும்போடு எலும்பு உரசும் நிலையை எக்ஸ்ரே காட்டி, இரவிலும் வலி தூங்கவிடாதவருக்கு ஊசி பணவிரயம். அவருக்கு அறுவையே என் பரிந்துரை. தேய்மானம் தொடக்கத்தில் இருப்பவர் தொடைத் தசையை வலுப்படுத்தி எடையைக் குறைத்துப் பார்த்த பிறகு, தற்காலிக வலித்தணிப்பு என்ற தெளிவோடு பிஆர்பியை முயலலாம். எந்த ஊசியைப் போட்டுக்கொண்டாலும் அதன் தேதியைக் குறித்துவைத்து அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறிப்பாக, ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.