கொழும்பில் மரான்ஸ் கோழி: முட்டை எப்படி இடுகிறது?

முட்டைக் கணக்குக்காக மட்டும் கோழி வளர்க்கிறவர் மரான்ஸ் வாங்க வேண்டாம். பண்ணைகளில் வைக்கும் பழுப்பு நிற ஹைபிரிட் கோழி வருடத்துக்கு 300க்குக் கிட்ட இடும். மரான்ஸ் நன்றாகக் கவனித்தால் 150 முதல் 200 வரை. உடம்பு பெரிது என்பதால் தீனும் கொஞ்சம் கூடவே செல்லும். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் தெருவில் கூடு கட்டியவர்கள் எல்லாரும் ஹைபிரிட்தான் வாங்கினார்கள். அவர்கள் செய்தது சரி. நான் மரான்ஸ் வாங்கியது முட்டையின் கரும்பழுப்பு நிறத்துக்காக.

பிரான்சின் மேற்குப் பக்கம், லா ரோஷெலுக்கு அருகேயுள்ள மரான்ஸ் என்ற ஊரின் கோழி இது. என்னிடம் இருப்பவை கறுப்பு உடம்பும் செம்பு நிறக் கழுத்தும் உள்ளவை. ஆறு மாதம் தாண்டித்தான் முட்டையிடத் தொடங்கின. முதல் முட்டைகளைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, சாயம் ஏதும் பூசினீங்களோ?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. இட்டவுடன் ஈரமாக இருக்கும்போது விரலால் அழுத்தித் தேய்த்தால் நிறம் வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் அடியில் வெளிறிய கோது தெரியும். உடைத்தால் உட்புறம் வெறும் வெள்ளை. ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கோது உருவாக ஏறக்குறைய 20 மணித்தியாலம் எடுக்கும். புரோட்டோபோர்பிரின் என்கிற நிறமியில் பெரும்பகுதி கடைசிச் சில மணித்தியாலங்களில்தான் மேலே படிகிறது. அந்த நேரத்தில் கோழி பயந்தாலோ வெக்கையில் வாடினாலோ பூச்சு சரியாக விழாது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பட்டாசு வெடித்த மறுநாள் கூட்டில் கிடந்த முட்டை பால்தேநீர் நிறம்! அடுத்த சில நாட்களில் பழையபடி கறுத்தது. இது தவிர, ஒரு சுற்று இட்டு வர வர நிறம் தானாகவே வெளிறும். இறகு உதிர்த்து ஓய்வெடுத்துத் திரும்ப இடத் தொடங்கும்போது மறுபடி நல்ல கருமை வரும். ஆகவே வெளிறிய முட்டையைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவருடன் சண்டைக்குப் போகாதீர்கள்.

கொழும்பில் பெரிய தொல்லை மார்ச், ஏப்ரல் வெக்கைதான். கோழி வாய் திறந்து மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டைஒக்சைட் குறையும். கோதுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரியாகச் சேராது. அதனால் கோது மெலிந்து, சிலது கையில் எடுக்கும்போதே நசுங்கியது. விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் தீன், நாள் முழுக்க நிழலில் குளிர்ந்த தண்ணீர், தனிச்சட்டியில் சிப்பித்தூள் என்று மாற்றிய பிறகுதான் நிலைமை தேறியது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பகல் சுருங்கிவிடுவதால் முட்டை நின்றுபோகும். இங்கே வருடம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் உச்ச அளவில் இடுவதற்கு 14 மணித்தியாலமாவது வேண்டும். விடியுமுன் சின்ன எல்இடி பல்பு போட்டுப் பார்த்தேன், முட்டை கொஞ்சம் கூடியது. மின்கட்டணத்தை விடப் பெரிய சிக்கல், சேவலும் அந்த நேரத்திலேயே கூவத் தொடங்கியது. அப்புறம் பல்பைக் கழற்றிவிட்டேன்.

என்னுடைய மரான்ஸ் கோழிகளுக்குக் காலிலும் இறகு உண்டு, மழைக்காலத்தில் அதில் சேறு கட்டிக்கொள்ளும். அந்தக் காலோடு முட்டைப் பெட்டிக்குள் போனால் முட்டை முழுக்க அழுக்கு. கழுவித் தேய்த்தால் நிறமும் கூடவே போய்விடும். கூட்டுக்கு முன்னால் ஆற்றுமணல் பரப்பியது நன்றாக வேலை செய்கிறது. மரத்தூள் ஈரத்தில் நாறும்.

அடைக்கு வைப்பவர்களுக்கு: கோது கறுப்பாக இருப்பதால் டோர்ச் அடித்துக் கரு பார்ப்பது கஷ்டம், வெளிச்சம் பலமாக வேண்டும். குஞ்சு வாங்குகிறவர்கள் பேட்டின் முட்டையை மட்டும் பார்க்காமல், சேவல் எந்த நிற முட்டையில் பொரித்தது என்றும் கேளுங்கள். நிறத்தின் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது.